அரை என்று எழுதிய குமிழ்

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு ஏப்ரல் மாதம் இருபதாம் நாள், புதன்கிழமை. கோயம்புத்தூரில் அன்று விடிந்ததிலிருந்தே காற்று அசையவில்லை. வானம் துடைத்துக் கவிழ்த்த தட்டுப்போல வெளுத்துக் கிடந்தது. பதினோரு மணிக்குள் வெயில் முப்பத்தெட்டுப் பாகையைத் தொட்டு, கணபதிப் பகுதியை அடுத்த அச்சுமர வீதியின் தகரக் கூரைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு நகர்ந்தது. அந்த வீதியின் கடைசிப் பட்டறையில், தானே கடைந்து, தானே துளையிட்டு, தானே மெருகேற்றிப் பொருத்தி முடித்த முதல் காப்பி அரவை இயந்திரத்தின் பித்தளைக் குமிழைக் கனகமணி அழுத்தினாள். வீதியில் வெயில் பாதியாயிற்று.

மேகம் வந்து மறைக்கவில்லை. மரம் எதுவும் முளைக்கவில்லை. வெயில், இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, பாதியாக அடித்தது. தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டும் வேலுச்சாமி வெளியே வந்து, வீதி முடிகிற இடத்தில் நின்று, வலக்கையை மட்டும் பெரிய சாலையின் பக்கம் நீட்டிப் பார்த்தார், கை சுட்டது, இழுத்துக்கொண்டார்.

“அக்கட்ட முழுசா அடிக்குதுங். இக்கட்ட பாதிதான்,” என்றார்.

“அப்படின்னா வடகம் காய ரெண்டு நாள் சேத்தி ஆவும்,” என்று சொல்லி, அவர் மனைவி வடகத் தட்டை எடுத்துக்கொண்டுபோய்ப் பெரிய சாலையோரம் வைத்துவிட்டு வந்தாள். அதற்குமேல் அதைப் பற்றி அன்று எவரும் பேசவில்லை.

கனகமணி வெயிலைக் கவனிக்கவே இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது தூள் விழவேண்டிய கிண்ணத்தை. அதில் தூள் இல்லை. வறுத்த கொட்டைகள் ஒவ்வொன்றும் நடுக்கோட்டின் வழியே, மயிரிழையும் பிசகாமல், சரிபாதியாகப் பிளந்து, பிளந்த முகங்கள் கண்ணாடிபோல மின்ன, இரண்டிரண்டாகக் கிடந்தன.

அவள் பம்ப் தொழிற்சாலை ஒன்றின் தரச்சோதனைப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவள். கண்ணுக்குத் தெரியாத மைக்ரான் அளவுக்காக உருப்படிகளை ஒதுக்கி வைப்பதே அவளுடைய வேலையாக இருந்தது. ஆனால் அந்த மைக்ரானால் உலகில் யாருக்கு என்ன நன்மை என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு கண்காட்சியில், காப்பிக் கருவிகள் விற்ற கடையில், சிறு கிண்ணத்தில் எஸ்பிரெஸ்ஸோ என்று சொல்லி இரண்டு மடக்குக் கொடுத்தார்கள். மிக மெல்லிய தூளை அழுத்திக் கெட்டியாக்கி, அதன் ஊடே கொதிநீரை அழுத்தத்தோடு செலுத்தி எடுப்பது அது என்றும், தூளில் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால் நீர் ஓட்டை கண்ட இடத்தில் ஓடிவிடும் என்றும், ஆகவே அரைக்கும் இரண்டு எஃகுத் தட்டுகளும் பத்து மைக்ரான் விலகி நின்றாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும் என்றும் கடைக்காரர் சொன்னார். கனகமணி கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. மைக்ரானுக்குச் சுவை உண்டு என்பதை அன்றுதான் அவள் அறிந்தாள். அடுத்த மாதம் வேலையை விட்டாள்.

வீட்டில் தாமே எஸ்பிரெஸ்ஸோ போட்டுக் குடிக்கும் ஆர்வலர்களுக்காக, ஒரு தொகுதிக்கு ஒன்பது இயந்திரங்கள் மட்டும் செய்வது என்பது அவளுடைய திட்டம். ஒன்பதுக்குமேல் செய்தால் பத்தாவதைத் தன் கையால் சரிபார்க்கும்போது கண் சோர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தாள். முதல் தொகுதியின் மற்ற எட்டும் குமிழ் மட்டும் பொருத்தாமல் அலமாரியில் காத்திருந்தன. பட்டறை, அண்ணன் நாச்சிமுத்துவுடையது. மாவாட்டும் கிரைண்டர் செய்து மூன்று மாவட்டங்களுக்கு அனுப்புகிறவர் அவர். கருங்கற்களை அடுக்கி வைத்திருந்த கடைசி அறையை ஒழித்துத் தங்கைக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த நாள்முதல் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்து ஏதாவது சொல்லாமல் போனதில்லை.

“கிரைண்டர்ன்னா மாவாட்டோணும் அம்மணி. அரை டம்ளர் காப்பிக்கு எதுக்குக் கண்ணு இத்தனை இரும்பு?”

“மாவை ஆட்டறதுங்ணா. காப்பிய அரைக்கறதுங். ரெண்டும் வேற.”

“எனக்கே பாடமா? சரி, வைகாசி பொறக்கறதுக்குள்ள இந்த ஒம்போதையும் வித்துப்போடு. வித்துட்டீன்னா இந்த செட்டு, இந்த ரூமு பூராவும் உன்ரது. இல்லாட்டி என்ர கல்லு மறுபடியும் இங்க வந்து எறங்கும். என்ன வேலுச்சாமி, நீயும் கேட்டுக்க.”

“கேட்டுக்கிட்டனுங்,” என்றார் வேலுச்சாமி.

வாங்குவதற்கு ஆள் இருந்தார். பீளமேட்டில் பல் மருத்துவராக இருந்த வரதராஜுலு, காப்பித் தூளைத் தங்கத்தைப்போல நிறுத்துப் போடுகிறவர். அவரைப்போன்ற எட்டுப் பேர் சேர்ந்த குழு ஒன்றும் அவருக்கு இருந்தது. மே மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை வந்து குடித்துப் பார்ப்பதாகவும், நாக்கு ஒப்புக்கொண்டால் ஒன்பதையும் குழுவே எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று வாரங்கள்கூட இல்லாத நிலையில்தான் கொட்டைகள் இரண்டிரண்டாகப் பிளந்து விழுந்தன.

தட்டுகள் விலகியிருக்கும் என்று நினைத்து, அவள் இயந்திரத்தைக் கழற்றி, அளவு பார்த்து, மறுபடி பூட்டினாள். மறுநாள் காலை குமிழை அழுத்தினாள். கொட்டைகள் முன்னைவிட அழகாகப் பிளந்தன. வீதியிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை இருந்த தொலைவு பாதியாயிற்று. அதற்கு அடுத்த நாள் பிரஸ்களின் ஓசை பாதியாயிற்று. அதற்கும் அடுத்த நாள் நாச்சிமுத்துவின் கருங்கற்கள் எடையில் பாதியாயின. சுமைதூக்குகிறவர்கள் ஒரு கையில் ஒரு கல்லாகத் தூக்கி, சீட்டியடித்துக்கொண்டே லாரியில் ஏற்றினார்கள். வீதியின் எல்லையைத் தாண்டியதும் கற்களுக்குத் தம் எடை நினைவுக்கு வர, லாரி பின்சக்கரங்களில் பொத்தென்று உட்கார்ந்தது. ஓட்டுநர் இறங்கி வந்து, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இனிமேல் வண்டியைப் பெரிய சாலையிலேயே நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார். இப்படி நாளுக்கு ஒன்றாகப் பாதியானவை எல்லாம் பாதியாகவே நின்றன. அவள் ஒருநாள் குமிழை அழுத்தாதிருந்தால் மட்டும், அன்று உச்சிக்குள் எல்லாம் தம் முழு அளவுக்குத் திரும்பிவிடும் என்பதையும் வீதி விரைவிலேயே தெரிந்துகொண்டது.

காரணத்தைக் கண்டுபிடித்தவன் சாதிக். பித்தளையிலும் எஃகிலும் லேசரால் எழுத்துப் பொறிக்கும் கடை வைத்திருந்த அவன்தான் அந்தக் குமிழில் எழுத்தை வெட்டியவன். வெட்டிய அன்று நடந்த பேச்சு அவனுக்கு நினைவிருந்தது.

“என்ன வார்த்தைங்க்கா போடோணும்?” என்று அன்று அவன் கேட்டிருந்தான்.

“‘அரை’ன்னு போடு சாதிக்.”

“வெறும் ‘அரை’ங்களா? மரியாதை வேண்டாங்களா?”

“மெசினு என்ன நம்ம சம்பந்தியா, மரியாதை குடுக்கறதுக்கு? குமிழு கட்டைவெரல் அகலம். எடம் எங்க இருக்குது?”

அந்த ஊரில் அப்படி மொட்டையாக ஏவுவது எளிதில் வாயில் வரக்கூடிய பேச்சு அன்று. பாலைப் பார்த்து ‘பொங்கிட்டீங்களா’ என்பார்கள். வராத பேருந்தை ‘எப்பத்தான் வருவீங்க’ என்பார்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக்கூட ‘தூங்குங்க சாமி’ என்றுதான் சொல்வார்கள். இருந்தாலும் இடம் இல்லை என்பதும் உண்மைதானே என்று சாதிக் ஈரெழுத்தை வெட்டிக் கொடுத்துவிட்டான். இப்போது, பிளந்த கொட்டை ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“அக்கா, ‘அரை’ன்னா அரைக்கறதும் அரைதானுங், பாதியும் அரைதானுங். மெசினு பாதின்னு எடுத்துக்கிச்சாட்ட இருக்குதுங்.”

“எழுத்துக்கும் எஃகுக்கும் என்ன சாதிக் சம்பந்தம்?” என்றாள் கனகமணி. ஆனாலும் அவன் போனபின் குமிழின்மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டி மறைத்து அழுத்திப் பார்த்தாள். இயந்திரம் அசையவே இல்லை. ஏவல் இல்லாத இடத்தில் வினையும் இல்லை என்று அது உட்கார்ந்திருந்தது. தாளின்மேல் ‘ஓடு’ என்று எழுதினாள். இயந்திரம் மேசையிலிருந்து இறங்கி, பட்டறையைக் கடந்து, வாசல்வரை ஓடி, மின்கம்பி நீண்டு இழுத்ததனால் நின்றது. வேலுச்சாமியும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டுவந்து வைத்தார்கள். மறுநாள், அலுவலகப் பலகைகளில் எழுதுகிறார்களே அதுபோல, ஐயத்துக்கு இடமில்லாமல் ‘அரைக்கவும்’ என்று எழுதி ஒட்டினாள். அந்தச் சொல் தனக்குத்தான் சொல்லப்பட்டது என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளவில்லை. வேறு யாரோ வந்து அரைப்பார்கள் என்று அன்று முழுதும் காத்திருந்தது.

அந்த இரண்டு நாள்களும் அச்சுமர வீதியில் வெயில் முழுதாக அடித்தது. பிரஸ்கள் முழுக் குரலில் இடித்தன. பேருந்து நிறுத்தத்துக்குப் போனவர்கள் பாதித் தொலைவுக்குப் பழகிப்போய், ஐந்து நிமிடங்களுக்கு முன்னால் மட்டும் கிளம்பிப் பேருந்தைத் தவறவிட்டார்கள். இரண்டாம் நாள் பிற்பகல், நாச்சிமுத்து முன்னால் நடக்க, வீதியே பட்டறை வாசலில் வந்து நின்றது.

“என்ன அம்மணி, என்ன பண்ணிட்டு இருக்கறே?” என்றார் நாச்சிமுத்து. “கல்லுத் தூக்கறவன் ஒருத்தன் இடுப்பைப் புடிச்சுட்டுப் படுத்துட்டான்.”

“தூள் வரோணுமில்லீங்ணா. அதான் வார்த்தைய மாத்திப் பாக்கறனுங்.”

“மாத்தாதே. நல்லாக் கேட்டுக்க. செட்டு உனக்கே. வித்தாலும் உனக்கே, விக்காட்டியும் உனக்கே. எழுதியே குடுத்தர்றேன். காலையில வந்து அந்த ‘அரை’ய ஒரு அழுத்து அழுத்து. அவ்வளவுதான் உனக்கு வேலை. அப்பறம் ஊட்டுக்குப் போய் ராணியாட்ட உக்காந்துக்க.”

“காப்பிங்ணா?”

“காப்பிக்கென்ன பஞ்சம்? பேக்கரியில குடிச்சுக்கலாம்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வேலுச்சாமி மட்டும் சிரிக்காமல், “அம்மணி, எனக்கு இந்த பிரஸ் சத்தத்துல காது போய் வருசமாச்சு,” என்றார். “போன வாரந்தான் என்ர ஊட்டுக்காரி சொல்றது வெளங்குச்சு. அவ சொல்றது வெளங்கறது நல்லதா கெட்டதான்னு இன்னும் முடிவாகலை, அது வேற. ஆனா வெளங்குச்சு.”

“மாத்துனீன்னா,” என்று நாச்சிமுத்து முடித்தார், “பழைய பேச்சுதான். வைகாசி. கல்லு.”

கனகமணி அவர்களை அனுப்பிவிட்டு, தாளைக் கிழித்தெறிந்து, குமிழை அழுத்தினாள். கொட்டைகள் பிளந்தன, வெயில் தணிந்தது, தெருக்கோடியில் யாரோ கைதட்டினார்கள். தன் கைகளால் செய்த ஒன்று இத்தனை பேருக்கு நிழலாக நிற்பதைப் பார்த்து அவளுக்குப் பெருமை வராமல் இல்லை. ஆனால் அந்தப் பெருமையும் பாதியாகவே வந்தது. அவள் அதைக் கவனித்தாள். அளவு பார்த்துப் பழகியவள் அல்லவா. குறைவது எதுவாயினும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அதன்பிறகு மற்றவையும் அவள் கண்ணில் படலாயின. வேலுச்சாமியின் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. சிரிக்கத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்தி, எதற்குச் சிரித்தோம் என்பதுபோல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மல்லிகை, மூக்கருகே கொண்டுபோனால்தான் மணத்தது. பாயசத்தில் எவ்வளவு சர்க்கரை போட்டும் இனிப்பு ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை. குறை சொல்லும் ஊக்கமும் பாதியாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் மாலை மாராத்தாள் வந்தாள். எதிர்வீட்டுக்காரி. மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் ரங்கசாமி அந்த ஆண்டு தைமாதம் இறந்துபோனார். அதுமுதல் அவள் அழுத அழுகையை வீதி முழுதும் கேட்டிருந்தது. பிரஸ்களின் ஓசையையும் மீறிக் கேட்டிருந்தது. குமிழ் அழுத்தப்பட்ட முதல் வாரத்திலேயே அந்த அழுகை பாதியாகி, பிறகு அவள் எழுந்து குளித்து, சோறாக்கித் தின்னத் தொடங்கியபோது, பாதியானவற்றுள் இதுவே மிகப் பெரிய நன்மை என்று எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள்.

அவள் ஸ்டூலை இழுத்து இயந்திரத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“கனகு, ஒண்ணு கேட்டா வையக் கூடாது.”

“கேளுங்கக்கா.”

“எங்க ஊட்டுக்காரரு பொழுதோட வேலை முடிச்சு வந்தா, செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாலயே ‘காப்பி ஆச்சுங்களா’ன்னு கேப்பாரு. பொண்டாட்டிய இப்படி ‘ங்க’ போட்டுக் கேக்கற ஆளு இந்த வீதியிலயே அவருதான். அவரு போன பொறவும் அந்நேரமானா அது என்ர காதுல விழும். விழுந்ததும் அழுவேன். இப்ப ‘காப்பி’ங்கற வரைக்குந்தான் கேக்குது. ‘ஆச்சுங்களா’வைக் காணோம். மூஞ்சியும் இடப்பக்கம் மட்டுந்தான் நெனப்புல நிக்குது. வலப்பக்கம் மச்சம் இருந்துச்சா இல்லையான்னு நேத்து பூராவும் ரோசனை பண்ணிப் பாத்துட்டேன்.”

கனகமணி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“பாதி அழுகை எனக்கு வேண்டாம் கனகு. அதை முழுசாவே அழுதுக்கறேன். அவரை முழுசாக் குடுத்துரச் சொல்லு.”

“நான் சொன்னா அது கேக்கறதில்லீங்கக்கா. எப்படிச் சொல்றதுன்னே தெரியலை.”

“ஏன் தெரியாது?” என்று மாராத்தாள், தொழுவத்து மாட்டிடம் பேசுகிறவளைப்போல, இயந்திரத்தின் பக்கம் திரும்பினாள். அதன் தலையில் கையை வைத்தாள். “ஏனுங்க, எல்லாத்தையும் பாதி பண்ணுனது போதுமுங். இந்தப் புள்ளைக்குக் காப்பிக்கொட்டைய அரைங்களேன். நல்லவரு இல்லீங்களா? அரைங்களேன்.”

இயந்திரம் ஒன்றும் செய்யவில்லை. அது எழுத்தை மட்டுமே அறியும். ஆனால் கனகமணி எழுந்து நின்றுவிட்டாள்.

குமிழைக் கழற்றிக்கொண்டு சாதிக்கின் கடைக்கு அவள் செருப்பில்லாமலே போனாள். மரியாதை சேர்த்து எழுத வேண்டும் என்று அவள் சொன்னதைக் கேட்டதும் சாதிக்கின் முகம் மலர்ந்தது; உடனே சுருங்கியது.

“நான் அன்னிக்கே சொன்னனுங்களே அக்கா, மரியாதை வேணும்னு. ஆனா ‘அரைங்க’ன்னு வெட்டுனாலும் வம்புதானுங். ‘எவ்வளவுங்க’ன்னு கேட்டா ‘அரைங்க’ன்னு சொல்றமில்லீங்களா? மறுபடியும் பாதின்னு நெனச்சுக்கும்.”

“‘அரைங்க’ இல்லை சாதிக். ‘அரைங்களேன்.’ பாதியப் பாத்து யாராவது ‘பாதியேன்’னு கெஞ்சுவாங்களா? கொஞ்சம் செய்யுங்களேன், கொஞ்சம் வாங்களேன். செய்யச் சொல்லிக் கெஞ்சறதுக்குத்தான் அந்த வாலு வரும்.”

சாதிக் உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். பிறகு குமிழைக் கையில் வாங்கினான்.

“எடம் எங்கீங்க்கா இருக்குது?”

“வெளிம்பு இருக்குதில்ல. சுத்தி வளைச்சு எழுது. அன்னிக்கு எனக்கு அது தோணலை.”

“பழசைத் தேச்சுட்டு ஒருதடவை வெட்டுனா வெட்டுனதுதானுங். பழையபடி ‘அரை’ வராதுங். பித்தளை தேஞ்சுரும்.”

“தெரியும். வெட்டு.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் வரதராஜுலு தம் எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்தைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோலக் கையில் ஏந்தி வந்து இறங்கினார். அதற்கு முன்பே வீதி முழுதும் பட்டறைக்குள்ளும் வாசலிலும் நிறைந்திருந்தது. சாதிக் அப்போதுதான் குமிழைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒத்திகை பார்க்க நேரம் இருக்கவில்லை. அவள் அதைப் பொருத்தியபோது நாச்சிமுத்து கிட்டே வந்து, விளிம்பைச் சுற்றி ஓடிய புதிய எழுத்துகளைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார்.

“மாத்திப்போட்டயா?”

“மாத்தீட்டனுங்ணா.”

“செட்டைச் சும்மா குடுத்தனே கண்ணு. வேண்டாம்னா சொல்றே?”

“பாதி பண்ணிக் குடுக்கற மெசினுக்கு நான் காவல் இருக்கோணும்னு சொன்னீங். நான் அரைக்கற மெசினு செஞ்சவளுங்ணா. செட்டை வித்தே வாங்கிக்கறேன்.”

“தூள் வராட்டி?”

“உங்க கல்லை நானே கூட நின்னு தூக்கி வெக்கறேன். முழு எடையில.”

வரதராஜுலு கொட்டைகளை நிறுத்துக் கொடுத்தார். கனகமணி அவற்றை மேலே கொட்டி, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கட்டைவிரலைக் குமிழின்மேல் வைத்தாள். தன் வாழ்நாளில் எந்த இயந்திரத்திடமும் அவள் பேசியதில்லை. எழுதியது போதாது என்று தோன்றியது. குனிந்து, எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்:

“அரைங்களேன்.”

அழுத்தினாள்.

முதலில் வந்தது வெயில். தகரக் கூரையில் அது மறுபடியும் தன் முழு எடையோடு இறங்கி உட்கார்ந்ததை எல்லாரும் தலைக்குமேல் உணர்ந்தார்கள். அடுத்து, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஓடிக்கொண்டிருந்த அடுத்த வீதிப் பிரஸ்களின் ஓசை முழுதாக வந்து சுவரில் மோதியது. பேருந்து நிறுத்தம் தன் பழைய தொலைவுக்கு விலகிப் போயிற்று. அடுத்த அறையில் அடுக்கியிருந்த கருங்கற்கள் தம் எடையை மீட்டுக்கொண்டு தரையை அழுத்த, பட்டறை ஒருமுறை அதிர்ந்தது. மாராத்தாளின் நெஞ்சிலிருந்து, பாதியாக நின்றிருந்த அழுகை மற்றைப் பாதியோடு சேர்ந்து, ஒரே மூச்சாக வெளியே வந்தது. யாரும் அவளைத் தேற்றப் போகவில்லை. அவள் அழுகைக்கு அடியில், தட்டுகள் சுழலும் ஒலி, பட்டுத்துணியை மடிப்பதுபோல, மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது.

கிண்ணத்தில் தூள் விழுந்தது. கட்டியாகாமலும் சிதறாமலும், ஒன்றைப்போலவே மற்றொன்றாக, மாசிமாதத்து மாலையில் செம்மண் சாலையில் எழும் புழுதியின் நிறத்தில், தூள் இறங்கிக் குவிந்தது. அதன் மணம் பட்டறையை நிரப்பி, வாசலில் நின்றவர்களைத் தாண்டி வீதிக்குள் நடந்து, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்து, படுத்திருந்த சுமைதூக்கியை எழுப்பி உட்காரவைத்தது. வேலுச்சாமியின் மகள், நிச்சயதார்த்தத்தன்று பாதியில் நின்றுபோன சிரிப்பின் மிச்சத்தை அப்போது சிரித்து முடித்தாள்.

வரதராஜுலு தூளில் ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பி, பல் பார்க்கும் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு பார்த்தார். நிறுத்தார், நிரப்பினார், அழுத்தினார், நெம்புகோலை இறக்கினார். தேன்போன்ற இழை ஒன்று, அறுபடாமல், நடுங்காமல், கிண்ணத்துக்குள் இறங்கியது. குடித்தார். கண்களை மூடிக்கொண்டார். நாச்சிமுத்து பொறுக்கமாட்டாமல், “டாக்டருங்களே, என்னவாச்சும் சொல்லுங்க,” என்றார்.

“என்னத்தைச் சொல்றதுங்க,” என்றார் வரதராஜுலு, கண்ணைத் திறக்காமல். “இத்தனை வருசமா நான் குடிச்சுட்டு இருந்தது அரைக் காப்பிங்க. இதுதாங்க முழுசு.” பிறகு கண்ணைத் திறந்து, “ஒன்பதும் எங்களுக்குத்தானுங்களே அம்மா? வேற யாருக்கும் பேசிடலையே?” என்று கவலையோடு கேட்டார்.

வீதியில் எழுந்த ஆரவாரம் முழு அளவில் இருந்தது. ஆரவாரம் ஓய்ந்தபோது வேலுச்சாமி, ஓசை மீண்டுவிட்ட காதைச் சுண்டுவிரலால் குடைந்துகொண்டே, “நாச்சிமுத்தண்ணா, வைகாசி பொறக்க இன்னும் ஒரு வாரம் இருக்குதுங்களே,” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். “நான் அன்னிக்குக் கேட்டுக்கிட்டனுங்.”

நாச்சிமுத்து தங்கையைப் பார்த்தார், குமிழைப் பார்த்தார், பட்டறையின் நான்கு சுவர்களையும் பார்த்தார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து, ஒரு சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“எனக்கு ஒரு கிளாஸ் குடு,” என்றார். “சர்க்கரை தூக்கலா.”

“எஸ்பிரெஸ்ஸோவுக்குச் சர்க்கரை போடக் கூடாதுங்க,” என்றார் வரதராஜுலு.

“நீங்க பல் டாக்டரு, அப்படித்தான் சொல்லுவீங்க.”

அந்தத் தொகுதியின் ஒன்பது இயந்திரங்களும் வைகாசி பிறப்பதற்கு முன்பே பீளமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அவ்வாண்டு ஐப்பசியில் இரண்டாம் தொகுதி முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கு மூன்று தொகுதிகள், தொகுதிக்கு ஒன்பது என்னும் அளவை கனகமணி மாற்றவில்லை. பட்டறையின் அந்தக் கடைசி அறை அவள் பெயருக்கு மாறியது. ஒவ்வொரு குமிழின் விளிம்பிலும் சாதிக்தான் எழுத்து வெட்டுகிறான். வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் அதற்கு என்ன பொருள் என்று கேட்டு எழுதினால், அதை வாயாலும் ஒருமுறை சொல்லிவிட்டு அழுத்தினால் தூள் இன்னும் நன்றாக வரும் என்று பதில் போகிறது. அச்சுமர வீதியில் வெயில் மற்ற வீதிகளில் அடிப்பதுபோலவே அடிக்கிறது. வேலுச்சாமி காதுக்கு அடைப்பான் வாங்கிக்கொண்டார். வீட்டில் இருக்கும்போதும் சில வேளைகளில் அதைக் கழற்றுவதில்லை.

நாச்சிமுத்து, தங்கையின் இயந்திரத்துக்கு வாய்த்த பேறு தம்முடையதற்கும் வாய்க்கட்டும் என்று, தம் புதிய கிரைண்டர் ஒன்றில் ‘ஆட்டு’ என்று பொறித்தார். மறுநாள் காலையில் அதன் பக்கத்தில் ஓர் ஆட்டுத் தலை மட்டும் முளைத்து, நாச்சிமுத்துவைப் பார்த்துக்கொண்டிருந்தது. உச்சிக்குள் உடலும் வாலும் வந்து சேர்ந்தன. யாருடைய ஆடு என்று தெரியவில்லை. தேடிக்கொண்டும் யாரும் வரவில்லை. மேற்கொண்டு செய்த கிரைண்டர்களில் ‘ஆட்டுங்களேன்’ என்று எழுதிவிட்டார். ஆடு அங்கேயே வளர்கிறது.

மாராத்தாள் அந்த வாரம் முழுதும் அழுதாள். பிறகு சிறிது குறைத்துக்கொண்டாள், தானாகவே. ரங்கசாமியின் வலக்கன்னத்தில் மச்சம் இருந்தது. மாலையில் கனகமணியின் பட்டறையில் இயந்திரம் ஓடி நிற்கும்போது, எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் மாராத்தாள், அங்கே யாரும் ஒன்றும் கேட்காதிருக்கும்போதே, “ஆச்சுங்,” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போகிறாள்.